பாண்டிசெல்வி வீட்டு ஈரத் தளம்

மம்சாபுரம் மேலத் தெருவில் பாண்டிசெல்வி கட்டிய வீட்டின் கான்கிரீட் கூரைத் தளம் நாலு வருடமாக இறுகவில்லை. 2021 ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, காலை ஏழு மணிக்குத் தொடங்கி மதியம் இரண்டு மணிக்குள், ஐம்பத்தொரு மூட்டை சிமெண்டில் போட்டு முடித்த தளம் அது. இன்றைக்கும் விரலை வைத்து அழுத்தினால் விரல் உள்ளே போகும்.

சிமெண்டு வெயிலில் காய்ந்து கெட்டியாவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது தண்ணீரைக் குடித்துத்தான் இறுகுகிறது, கொத்தனார்கள் பேச்சில் ‘செட்’ ஆகிறது. தளம் போட்ட மறுநாள் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது அதனால்தான். கொஞ்ச நேரத்தில் இளக்கம் குறையும், மறுநாள் ஆள் ஏறி நிற்கலாம், இருபத்தோரு நாளில் அடியில் கொடுத்திருக்கும் தகரத்தையும் முட்டுகளையும் பிரிக்கலாம். கொத்தனார் சுயம்புலிங்கம் முந்நூறு தளம் போட்டவர். பாண்டிசெல்வி வீட்டில் அவர் இருபத்தோராம் நாள் ஏறிப் பார்த்தபோது கால் கணுக்கால் வரை புதைந்தது. இன்னும் இருபத்தொரு நாள் பார்ப்போம் என்றார். அது முடிந்தபின் இன்னொரு இருபத்தொன்று. கடைசியில் சோழபுரத்தில் வேறு வேலைக்குத் தகரமும் முட்டும் வேண்டியிருந்ததால், கண்ணை இறுக மூடிக்கொண்டு முதல் முட்டுக்கட்டையை உருவினார். ஒன்றும் ஆகவில்லை. எல்லாவற்றையும் உருவினார். பிசைந்து வைத்த மாவு போலிருந்த தளம் அந்தரத்தில் அப்படியே நின்றது. ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை.

தவறு பாண்டிசெல்வியுடையது. அவளே அதை ஒப்புக்கொள்வாள். தளம் போடும் அன்று மிக்சர் மிஷினுக்குக் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்து, வீட்டுக்காரி முதல் சட்டிக் கலவையைத் தொட்டுக் கொடுத்து வேண்டிக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். அவளுக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஃபேக்டரியில் பேக்கிங் வேலை. பத்து ரோல் ஒரு செட், பன்னிரண்டு செட் ஒரு பெட்டி என்று பகல் முழுக்க ‘செட்’ என்ற அந்த ஒரு வார்த்தை வாயில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சமயத்தில் வீட்டில் முடியாமல் கிடந்த காரியங்களும் பல. போர் போட்டிருந்தது, பம்பு செட் மாட்ட வேண்டும். மாமனாருக்குப் பல் செட் கட்ட வேண்டும். நாத்தனார் சத்யப்பிரியாவுக்கு மாப்பிள்ளை செட்டாக வேண்டும். ஒவ்வொன்றாகச் சொல்லச் சோம்பல்பட்டு, “தாயே, எல்லாம் ஒண்ணா செட்டாகட்டும்” என்று கலவையைத் தொட்டுக் கும்பிட்டாள்.

அவள் கேட்டது கேட்டபடியே நடந்தது. எல்லாம் ஒன்றாக ஆவதற்காக ஒவ்வொன்றும் மற்றதற்குக் காத்திருந்தது. மாமனாரின் பல் செட் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி நாற்காலியில் கச்சிதமாகப் பொருந்தும், வாசல்படி தாண்டியதும் கழன்று கைக்கு வந்துவிடும். மூன்று முறை புதிதாகச் செய்தார்கள். மோட்டாரைப் போட்டால் தண்ணீர் குழாயின் வாய் வரை ஏறி வந்து, வெளியே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடும். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள், “மொதல்ல புது வீட்ல பால் காய்ச்சுங்க, பொறவு பேசுவோம்” என்று எழுந்து போனார்கள். வீடோ தளத்துக்குக் காத்திருந்தது.

இதில் அவளுக்கு நெருக்கடி என்னவென்றால், அவளும் கணவனும் மாமனாரும் நாத்தனாருமாக நாலு பேரும் அதுவரை ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரர் தன் மகனுக்கு அந்த வீடு வேண்டும் என்று முதலில் தை வரை தவணை கொடுத்தார், அடுத்துச் சித்திரை வரை. தளம் ஈரமாக இருக்கிறது என்று அவள் சொன்னபோது முதல் வருடம் நம்பினார். இரண்டாம் வருடம் சிரித்தார். மூன்றாம் வருடம் மம்சாபுரத்துக்கே வந்து, ஏணி வைத்து ஏறி, கையை விட்டுப் பார்த்துக் கழுவிக்கொண்டு, “அது ஒன் தலையெழுத்தும்மா, என் மகன் என்ன செய்வான்?” என்றார்.

புது வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஜெபா என்ற டீச்சர் இருந்தாள். கிருஷ்ணன்கோவில் காலேஜில் ஆங்கிலம் நடத்துகிறவள். பாண்டிசெல்வி தளத்தைப் பார்க்க வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தடித்த அகராதியோடு வந்து, நடந்ததை எல்லாம் பொறுமையாகக் கேட்டு, பக்கம் புரட்டினாள்.

“அக்கா, நீங்க சாமிகிட்ட சொன்ன ‘செட்’ லேசுப்பட்ட வார்த்தை இல்ல. இங்கிலீஷ்ல அதுக்கு நூத்துக்கணக்கில அர்த்தம் இருக்கு. ஒடிஞ்ச எலும்பைச் சேத்துக் கட்டுறதும் அதுதான். எலிக்குப் பொறி வைக்கிறதும் அதுதான். சாயங்காலம் சூரியன் எறங்குதே, அதுவும் அதுதான்.”

அன்றைக்கு மாலை ஆறரை மணிக்கு ஊர் முழுக்க இருட்டியது. பாண்டிசெல்வி வீட்டுக்கு மட்டும் சூரியன் மலை விளிம்பில் நின்றுவிட்டது. அன்று முதல் தினமும் சுவரிலும் தளத்திலும் மஞ்சள் வெயில் விடிய விடியக் கிடந்தது. தெருக்காரர்கள் தங்கள் வத்தலையும் வடகத்தையும் கொண்டுவந்து அவள் வாசலில் காயப்போட்டார்கள். வாடகை வீட்டுச் சமையலறையில் வைத்த எலிப்பொறி அதன்பிறகு விழவே இல்லை, எலிகள் தேங்காய்ச் சில்லைத் தின்றுவிட்டுத் திரும்பிப் போயின. அடுத்த ஞாயிறு ஜெபா அகராதியோடு வந்தபோது பாண்டிசெல்வி வாசலிலேயே மறித்தாள்.

“டீச்சர், ஒங்க புக்க மூடிக்கிட்டுப் போங்க. இன்னும் ஒரு அர்த்தம் சொன்னீங்க, எங்க வீட்ல ஒலை கொதிக்காது.”

செய்யாத பரிகாரம் இல்லை. சுயம்புலிங்கம் சீக்கிரம் இறுகுவதற்கென்று விற்கிற மருந்தை வாங்கி ஊற்றினார். தளம் அதையும் குடித்தது. பாண்டிசெல்வி பதினொரு தேங்காய் உடைத்து, “ஒண்ணா வேண்டாம் தாயே, ஒவ்வொண்ணா ஆனாப் போதும்” என்று சொல்லிப் பார்த்தாள். கொடுத்த வார்த்தை திரும்பி வரவில்லை. அவள் கணவன் மாரீஸ்வரன் லாரி ஓட்டுகிறவன். லோடு இறக்கிவிட்டு வரும்போதெல்லாம் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, “எம்புட்டு தண்ணிதான் குடிக்கும் இது? எங்க கிளீனரே தேவல” என்பான். சிரிக்கிற நிலையில் அவள் இல்லை. ஒருநாள் மேலே ஏறிப்போய்க் கோபம் தீரத் தீர மிதித்தாள். இடது கால் ஒன்பது தடம், வலது கால் எட்டு. கடைசித் தடத்தில் மாட்டிய இடது செருப்பு இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

போன ஆனி மாதம் வாடகை வீட்டுக்காரர் தவணை கேட்க வரவில்லை, பூட்டோடு வந்தார். சாமான்களை எடுத்து வைக்க இரண்டு நாள் கொடுத்தார். பாண்டிசெல்வி நேராகச் சுயம்புலிங்கத்தைத் தேடிப் போனாள். அவர் ஒரு சாரத்தின் மேல் நின்று பூசிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அது விழுமா?”

“இறுகலன்னு சொல்லுவேன் தாயி. நாலு வருசமா அதத்தான சொல்லுதேன்?”

“நான் கேட்டது அது இல்ல. விழுமா, விழாதா?”

அவர் கரண்டியைச் சட்டியில் போட்டார். “முந்நூறு தளம் போட்டுருக்கேன். நல்லா இறுகினதுல ரெண்டு விழுந்துருக்கு. இது விழல.”

மறுநாள் செவ்வாய்க்கிழமை. நல்ல நேரம் பார்க்கவில்லை. பாண்டிசெல்வி ஈரத் தளத்துக்கு நேர்க் கீழே அடுப்பு வைத்துப் பால் காய்ச்சினாள். ஆவி மேலே போய்த் தளத்தில் பட்டது, தளம் அதையும் குடித்தது. நாலு பேரும் அங்கேயே பாய் விரித்தார்கள். மாரீஸ்வரன் முதல் வாரம் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு படுத்தான். மாமனார் பல் செட்டை டம்ளரில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டுச் சோற்றைக் குழைத்துத் தின்னப் பழகினார். குழாய் வாயில் தண்ணீர் எட்டிப் பார்க்கிற நேரத்தில் பாண்டிசெல்வி சின்ன டம்ளரால் மொண்டுகொண்டாள், ஒரு குடம் நிறைய இருபது நிமிடம். மேற்கு ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டதும் தூக்கம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பலகாரம் தின்றார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள்.

“அவிய யோசிக்கட்டும் மதினி” என்றாள் சத்யப்பிரியா. ஆவணியில் தன்னோடு மில்லில் வேலை பார்க்கிற கௌதம்ராஜைப் பதிவு அலுவலகத்தில் கட்டிக்கொண்டாள். யாரும் பேசிச் செட் பண்ணாத கல்யாணம் என்பதால் அதை எதுவும் தடுக்கவில்லை.

கார்த்திகையில் பேரூராட்சியிலிருந்து வீட்டு வரி போட ஒருவர் வந்தார். படிவத்தில் கூரைக்கு ஓலை, ஓடு, தகரம், கான்கிரீட் என்று நாலு கட்டம் இருந்தது. அவர் ஏணியில் ஏறிக் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார், கைக்குட்டையில் துடைத்தார். கான்கிரீட் கட்டத்தில் டிக் அடித்துப் பக்கத்தில் பேனாவால் ‘ஈரம்’ என்று எழுதினார். எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டார். பாண்டிசெல்வி மூன்று என்றாள். அடுத்த அரையாண்டு ரசீதில் ‘ஈரம்’ என்ற வார்த்தை அச்சடித்தே வந்தது.