முதல் பின்னூட்டத்துக்கு வடை

நண்டுவளை என்ற குழுப்பதிவு நிரந்தரமாக மூடப்பட எழுபத்திரண்டு மணி நேரம் இருந்தபோது, புதுமடத்தில் காலிதாவின் மேசைமேல் அன்றைய வடை வந்து விழுந்தது. வழக்கம்போலச் சூடாக இருந்தது. வழக்கம்போல அது அவளுக்கு வரவேண்டிய வடை அல்ல.

தமிழில் வலைப்பதிவு எழுதியவர்களிடம் அந்தக் காலத்தில் ஒரு விளையாட்டு இருந்தது. புதுப் பதிவு வெளியானதும் முதல் பின்னூட்டம் போடுகிறவருக்கு வடை. பதிவைப் படித்தாரா இல்லையா என்பது முக்கியமில்லை. 'வடை எனக்கு' என்று முந்தி எழுதிவிட்டால் போதும். மற்ற இடங்களில் அது பேச்சோடு போயிற்று. நண்டுவளையில் வடை வந்தது. சவுதியில் தம்மாமில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்த்த புதுமடத்துக்காரர் காஜா நவாஸ், ஊர்ப்பக்கத்து ஆட்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு அதைத் தொடங்கிய இரண்டாவது வாரம், ஷார்ஜாவில் இருந்த திருப்பாலைக்குடி நவ்ஷாத் முதல் ஆளாக எழுதிய உடனே அவருடைய கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு பருப்பு வடை விழுந்தது. நடுவில் சின்ன இறால் ஒன்று பதிந்திருந்தது. நவ்ஷாத் பக்கத்துக் கட்டில்காரரிடம் "உன்னோடதா?" என்று கேட்டார். அவர் இல்லையென்றதும் தின்றுவிட்டு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று இரண்டாவது பின்னூட்டம் போட்டார். அதன்பிறகு யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. கடலாடியில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் சேதுராமன் சைவம். அவருக்கு வந்த வடையில் இறால் இல்லை. நோன்பு மாதத்தில் பகலில் வந்த வடை மஃரிப் பாங்கு சொல்லும்வரை சூடு ஆறாமல் காத்திருந்தது. அப்போது வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த காலிதா, தனக்கு வந்த ஒரு வடையைக் கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்துப்போய்ப் பார்த்தாள். பருப்பு, சோம்பு, வெங்காயம், மிளகாய், எண்ணெய். ஆராய ஒன்றுமில்லை. மீதியைத் தோழிகள் தின்றார்கள்.

நாலு பேர் இருக்கும் அறையில் காலிதாவுக்குக் குரல் வராது. நண்டுவளையில் வந்தது. சோப்பு ஏன் நுரைக்கிறது, உப்பளத்துத் தண்ணீர் ஏன் சில மாதங்களில் சிவக்கிறது என்று சின்னச் சின்னதாக எழுதினாள். அவள் பதிவுகளுக்குக் கீழே பெரும்பாலும் முதல் ஆளாக நின்றது தங்கச்சிமடம் பிரடெரிக். வள்ளத்தில் கடலுக்குப் போகிறவன். டவர் கிடைக்கிற தூரம்வரை கடலுக்குள் இருந்தே போனைத் தட்டிவிடுவான். வடை வள்ளத்தில் வந்து விழும். "ஏலே பிரடெரிக்கு, பதிவோட தலைப்பு என்னன்னாச்சும் சொல்லு பாப்போம்" என்று காஜா நவாஸ் வம்புக்கு இழுப்பார். "மொதல்ல வடைய தின்னுட்டு வாரேன் காக்கா" என்று, மற்றவர்களைப் போலவே அவரை அண்ணன் முறை வைத்து எழுதிவிட்டுப் போனவன் ஒருநாளும் திரும்பி வந்து சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, இருட்டில் அலை நீலமாக மினுங்குவது ஏன் என்று காலிதா எழுதியதற்குக் கீழே அவனுடைய இரண்டாவது பின்னூட்டம் இருந்தது. "தங்கச்சி, இத நான் சின்னப் பிள்ளையிலருந்து பாக்குறேன். காரணம் இப்பத்தான் தெரியுது." அவன் முழுதாகப் படித்த பதிவு அது ஒன்றுதான் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள்.

வடைக்கு இரண்டு விதிகள் இருந்தன. எழுதிய கை யாருடையதாக இருந்தாலும், எந்தப் பெயரில் பின்னூட்டம் வந்ததோ அந்தப் பெயருக்கு உரியவரிடம்தான் வடை போகும். நவ்ஷாத் ஒருமுறை விளையாட்டாகத் தன் மச்சான் பெயரில் நுழைந்து எழுதியபோது, வடை ஷார்ஜாவுக்கு வராமல் திருப்பாலைக்குடியில் தூங்கிக்கொண்டிருந்த மச்சானின் தலையணையில் விழுந்தது. இந்த விதி எல்லோருக்கும் தெரியும். மற்றது காலிதாவுக்கு மட்டும் தெரியும். சேதுராமன் சார் இறந்த அன்று, அவர் மகள் அவருடைய கணக்கிலிருந்தே செய்தியை எழுதினாள். காலிதாவின் பதிவுக்குக் கீழே அதுவே முதல் பின்னூட்டமாக அமைந்துவிட்டது. இறால் இல்லாத வடை ஒன்று காலிதாவின் மேசைக்கு வந்தது. வாங்க ஆள் இல்லாத வடை, பதிவை எழுதியவருக்குத் திரும்பிவிடும். அப்பா இறந்த வீட்டுக்குப் போய் வடையைப் பற்றி என்ன பேசுவது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசிக் காற்றில் பிரடெரிக்கின் வள்ளம் மட்டும் கரைக்குத் திரும்பியது. ஊரே திரண்டு படகுகளில் போய்த் தேடியது. ஆள் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அன்று பார்த்து போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தான். மறு வாரம் காலிதா ஏதோ எழுத, அந்த போன் சத்தம் கொடுத்தது. அவன் அம்மா அற்புதம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மகன் எப்போதும் எழுதுவதை மேலே பார்த்து, அதையே ஒற்றை விரலால் எழுதினாள். வடை எனக்கு. வீட்டில் எங்கேயும் வடை வரவில்லை. அழுதுகொண்டிருந்த மகள் அனிட்டா, அம்மாவின் வாயில் ஒரு வாய்ச் சோறாவது இறங்கட்டும் என்று, "அது அண்ணன் பேருல போட்டதும்மா, அண்ணனுக்குத்தான் போயிருக்கும்" என்றாள். அற்புதம்மாள் எழுந்து முகம் கழுவிவிட்டுச் சாப்பிட்டாள். அவன் ஏதோ ஒரு தீவில் ஒதுங்கியிருக்கிறான், அல்லது அக்கரையில் இலங்கையில் எங்கோ அடைத்து வைத்திருக்கிறார்கள். எங்கே இருந்தாலும் அவன் கையில் வடை சேர்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. பங்குச் சாமியார் இறந்தவர்களுக்கான பூசையைப் பற்றி மெல்லப் பேச்செடுத்தபோது, "உயிரோட இருக்க புள்ளக்கி எதுக்கு சாமி பூசை?" என்று அனுப்பிவிட்டாள்.

வடை புதுமடத்துக்கு வந்தது. நடுவில் இறாலோடு மேசைமேல் அது ஆறுவதைக் காலிதா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். தெரிந்ததைச் சொல்லலாம் என்று மறுநாள் நினைத்தாள்; அடுத்த வாரம் என்று தள்ளினாள். அதற்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் எழுதாமல் இருக்க, பிரடெரிக்கின் பெயரிலிருந்து ஒரு செய்தி வந்தது. "மகளே, ரெண்டு நாளா அவன் பட்டினி." காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து, இன்று காற்று தெற்கே திரும்பிவிட்டது என்று ஒரு வரி எழுதினாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் விடவில்லை. கரண்டு போனது, நகரை மீன் விலை, உம்மாவின் முட்டுவலி என்று கையில் கிடைத்ததை எழுதினாள். மற்றவர்கள் ஏற்கெனவே ஒவ்வொருவராக நண்டுவளையை விட்டுப் போயிருந்தார்கள். சண்டை ஒன்றுமில்லை. ஒருவருக்குப் பிள்ளை பிறந்தது, ஒருவருக்கு வேலை மாறியது, ஒருவர் வீடியோ போடப் போய்விட்டார். வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கிப் பார்த்தார்கள். அங்கே வடையின் படம் மட்டுமே வந்தது. கடைசியில் நண்டுவளையில் எழுத ஓர் ஆளும் பின்னூட்டத்துக்கு ஓர் ஆளும்தான் மிஞ்சினார்கள்.

பக்கங்களை எல்லாம் வைத்திருந்த கம்பெனி அந்தச் சேவையை நிறுத்திக்கொள்வதாகக் காஜா நவாஸுக்கு எழுதியது. அவர் தவணை கேட்டார். தானாகப் பதில் எழுதும் மிஷின் ஒன்று மரியாதையாக மறுத்தது. அவர் விஷயத்தை நண்டுவளையில் எழுதினார். பதினைந்து வருடம் நடத்திய வளை, மூன்று நாளில் மூடிவிடும், பழைய ஆட்கள் வந்து ஆளுக்கொரு பதிவு எழுதிவிட்டுப் போங்கள் என்றார். முதல் பின்னூட்டத்தைத் தங்கச்சிமடத்துக்கு விட்டுவிட வேண்டும் என்று தனியாகவும் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். அங்கிருந்து வந்தது. ஆனால் அன்று, வடை எனக்கு என்பதோடு இன்னொரு வரியும் இருந்தது. "மூடிறாதீங்கய்யா. எம்புள்ளக்கிப் போற ஒருவாய் அது ஒன்னுதான்." அதே நிமிடம் தம்மாமில் காஜா நவாஸின் மடியில் ஒரு வடை விழுந்தது. அவர் காலிதாவைக் கூப்பிட்டார்.

"பதிவு எழுதினது நானும்மா. எனக்கு எப்படி வடை வரும்?"

காலிதா தன் மேசைமேல் இருந்த வடையைப் பார்த்தாள்.

"உனக்கும் வருதா?"

"ம்."

"எப்பருந்து?"

"அவங்க மொத நாள் போட்டதுலருந்து காக்கா."

"யா அல்லாஹ்" என்றார் அவர். "நாலு வருசமா இத ஒத்தையில வச்சுக்கிட்டா இருந்தே?"

மறுநாளுக்குள் விடைபெறும் பதிவு எழுதிய எல்லோர் வீட்டுக்கும் வடை வந்துவிட்டது. நவ்ஷாத்துக்கு வந்தது, திருமணமாகி நாகர்கோவில் போய்விட்ட பூமயிலுக்கு வந்தது. யாரும் அதைப் பின்னூட்டத்தில் எழுதவில்லை. சந்தித்த நாட்களையும் பழைய சண்டைகளையும் நினைத்து எழுதிக்கொண்டார்கள், ஆனால் சிரிப்புக் குறிகள் குறைந்துபோயின. நவ்ஷாத் போன் போட்டு, "வேற எடத்துக்கு மாத்தியாச்சு, இனி கமெண்ட் போடாமயே வடை தன்னால போயிரும்னு சொல்லிருவோமே" என்றார். காஜா நவாஸ் யோசித்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கும் அந்தம்மா போன கையில வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கும், நவ்ஷாத்து. போயிருச்சான்னு யார்ட்ட கேக்கும்?" என்றார். யாராவது நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஆயிற்று. தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில் இருப்பவள் காலிதா ஒருத்திதான். நண்டுவளைக்காரர்கள் வருடாவருடம் கடற்கரையில் கூடியபோதெல்லாம் பேசக் கூச்சப்பட்டு ஒரு சந்திப்புக்கும் போகாதவள், கடைசி நாள் காலையில் உச்சிப்புளி வந்து ராமேஸ்வரம் பஸ் ஏறினாள். சொல்ல வேண்டியதை மூன்று வாக்கியமாக மனதில் எழுதி வைத்திருந்தாள். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியபோது மூன்றும் இருந்தன. இறங்கியபோது ஒன்றும் இல்லை.

அனிட்டா வாசலிலேயே மறித்தாள். "நீங்கதான காலிதா? ஒரு போட்டோகூடப் போடாத ஆளு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எங்கண்ணன் சட்டையெல்லாம் இன்னும் தொவைச்சுக் காயப்போடுது அம்மா. எதையாச்சும் சொல்லி ஒடச்சிறாதீங்க. நான்தான் அன்னைக்கு அப்படிச் சொல்லிட்டேன். நான் சொன்னது பொய்யின்னு எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"சொல்லலேன்னா, நாளையிலருந்து அவரு பட்டினியாக் கெடக்காருன்னு நெனப்பாங்க" என்றாள் காலிதா. "நாளைக்கும். அதுக்கு மறுநாளும். சாகுற வரைக்கும்."

அறிமுகமில்லாத ஒருவரிடம் அவள் இவ்வளவு பேசியதில்லை. அனிட்டா வாசல் நிலையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு விலகி வழிவிட்டாள்.

அற்புதம்மாள் முற்றத்தில் தார்ப்பாயில் நெத்திலிக் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "வாத்தா, வா. எழுதுறதப் பாத்து நல்ல கெட்டியான ஆளுன்னு நெனச்சேன், ஈர்க்குச்சியால்ல இருக்கே? அனிட்டா, புள்ளக்கி ஒரு சேரு போடு" என்றாள். நண்டுவளையில் வந்த உம்மாவின் முட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். பிறகு காலிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னையோட நின்னுரும்ங்கறாங்களே, நாளைக்கு அவன் என்ன செய்வான்? நீ படிச்ச புள்ள, வேற வழி ஒன்னு இருக்காதா?" என்றாள்.

காலிதா போனை எடுத்தாள். இது நண்டுவளையின் கடைசிப் பதிவு, தங்கச்சிமடத்தில் அற்புதம்மாவின் வீட்டிலிருந்து எழுதுகிறேன் என்று ஒரு வரி எழுதி வெளியிட்டாள். அற்புதம்மாளின் மடியில் மகனின் போன் சத்தம் கொடுத்தது. தம்மாமிலும் ஷார்ஜாவிலும் நாகர்கோவிலிலும் ஆட்கள் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஓர் எழுத்தும் தட்டாமல் காத்திருந்தார்கள். அற்புதம்மாள் கருவாட்டுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டி, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தினாள். வடை எனக்கு.

வடை காலிதாவின் மடியில் வந்து விழுந்தது.

அற்புதம்மாள் அதைப் பார்த்தாள். விரலால் தொட்டாள். சூடாக இருந்தது.

"இது உனக்கா வருது?"

"ஆமாம்மா."

"இன்னைக்கு மட்டுமா?"

"இல்லம்மா. எல்லா நாளும். மொத நாள்லருந்து."

அற்புதம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். ஒரு பூனை வந்து கருவாட்டில் வாய் வைத்தது. மூவரில் ஒருவரும் விரட்டவில்லை. அது இரண்டு நெத்திலியைத் தின்றுவிட்டு, மூன்றாவதைக் கவ்விக்கொண்டு போயிற்று.

"தின்னியா?"

"ஒரு நாளும் திங்கலம்மா."

"பெறகு என்ன செஞ்ச? நாய்க்குப் போட்டியா?"

"அஸர் தொழுதுட்டுக் கரைக்குப் போயி, கடல்ல போட்டுட்டு வருவேன்."

"தெனமுமா?"

"தெனமும்."

அற்புதம்மாள் காலிதாவின் மடியிலிருந்து வடையை எடுத்து, சூடு போகாமல் முந்தானையில் பொதிந்துகொண்டாள். எழுந்து, கடலுக்குப் போகிற பக்கமாகத் திரும்பிச் செருப்பைத் தேடி மாட்டினாள்.

"அப்ப அவனுக்குச் சேந்துருக்கும்" என்றாள். "எம்புள்ள கடல்லதான கெடக்கான்."