அலமாரிக்குள் வளர்ந்த பயறு

தொடக்கப்பள்ளி அறிவியல் ஆசிரியர்களாகப் போகிறவர்களுக்கு நேர்மையைக் கற்பிப்பதுதான் விரிவுரைஞர் ஜெயபாலனின் வேலை. அதற்காக அவர் எழுதிய கையேட்டில் 'உண்மை' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் தடித்த எழுத்தில் இருக்கும். பயிற்சி ஆசிரியை ஷார்மேன் அதை மதித்துப் படித்தவள்தான், மலேசியாவின் கோப்பெங் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் அவள் பாடம் நடத்துவதை அவர் பார்க்க வரும்வரை.

அவளுடைய மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் பச்சைப்பயறு முளைக்க வைத்திருந்தார்கள். ஒரு தட்டு சன்னலோரம், ஒன்று அலமாரிக்குள். ஒரு வாரம் கழித்து அளந்தால் வெயிலில் இருந்தது ஒன்பது சென்டிமீட்டர். இருட்டில் இருந்தது பதினெட்டு. வெளுத்துத் துவண்டிருந்தாலும் இரண்டு மடங்கு உயரம். பிள்ளைகள் அதை அப்படியே மணிலா அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

பிள்ளைகள் ஓய்வுக்குப் போனதும் ஜெயபாலன் அட்டையின் முன் நின்றார்.

"என்னம்மா இது? வெளிச்சம் இல்லாம செடி நல்லா வளருதுன்னு சொல்லிக் கொடுக்கிறியா?"

"நல்லா வளரல சார். வெளிச்சத்தைத் தேடி நீளுது. நாளைக்கு அதைத்தான் விளக்கப் போறேன்."

"நாளைக்கு யாரு வந்து பார்க்கப் போறா? எனக்கு இன்னிக்கே அறிக்கைல போடப் படம் வேணும்லா. எண்ணை மாத்திப் போடு."

"அவங்க அளந்தது சார்."

"சின்னப் பிள்ளைங்கதானே, மறந்துடுவாங்க."

அவரே வெள்ளை மையால் பதினெட்டை அழித்து, மூன்று என்று எழுதிப் படம் எடுத்துக்கொண்டார். ஷார்மேன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓய்வு முடிந்து வந்த பிள்ளைகளில், இருட்டுத் தட்டை அளந்திருந்த சாந்தினி அட்டையைப் பார்த்தாள். நேரே போய் அலமாரியைத் திறந்து, அடிக்கோலை வைத்து மறுபடி அளந்தாள்.

"டீச்சர், பதினெட்டுக்கு மேலேயே இருக்கு. நான் தப்பா அளந்துட்டேனா?"

"ஆமாம்மா, தப்புதான்," என்று சிரித்தார் ஜெயபாலன்.

ஷார்மேன் சாந்தினியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"இல்ல சாந்தினி. நீ சரியாத்தான் அளந்த. சார்தான் மாத்திட்டாரு."

வகுப்பே அவரைத் திரும்பிப் பார்த்தது. இரண்டு மணி நேரம் மூச்சு விடாமல் நேர்மையைப் பற்றிப் பேசக்கூடிய மனிதர், ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார்.

மதிப்பீட்டுத் தாளில் பண்பு என்ற பகுதியில் அவளுக்குத் தேர்ச்சி இல்லை. மூத்தோரை மதிக்கத் தெரியவில்லை என்று காரணம் எழுதியிருந்தார். பயிற்சியைத் தொலைவில் லூமுட் ஊரில் ஒரு பள்ளியில் முதலிலிருந்து செய்யும்படி ஆயிற்று.

கிளம்பும் அன்று அவள் அம்மா ஆலிஸ் பொறுக்காமல் கேட்டாள். "அவருகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டா முடிஞ்சிருமே, ஷார்மேன்?"

"அந்த ஆளுகிட்டயா? கேட்கணும்னா சாந்தினிகிட்டதான் கேட்கணும். அவ வர்ற வரைக்கும் நானும் சும்மாதானே நின்னேன்."

ஆலிஸ் அவள் பையை எடுத்துக் கொடுத்தாள். ஷார்மேன் பஸ்ஸுக்குப் புறப்பட்டாள்.