ஊசி நிற்க வேண்டிய இடம்

1

இந்தக் கதை பிறந்தது நான் போட்டிருக்கும் சட்டையில். தைத்தவள் ஒரு தையல்காரி. இரண்டு கால்களும் செயலிழந்த பிறகு தைத்தாள். அது எப்படி என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: "மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில்..." வேண்டாம். மழை பெய்யவே இல்லை.

2

தையல்காரியின் தங்கை, மோட்டார்களுக்குச் சொல்பேச்சு கேட்கக் கற்றுக்கொடுப்பவள். (தொழிற்சாலையில் அந்த வேலைக்கு வேறு பெயர். விடுங்கள்.) அக்காவால் மிதிக்க முடியாது என்றானதும், பழைய இரும்புக் கடையில் கிடைத்த மோட்டாரைத் தையல் மெஷினில் பூட்டினாள். மோட்டாரை ஆட்டிவைக்க, உள்ளங்கை அளவில் ஒரு மலிவு கணினி போர்டு. அதில் ஓட, யார் யாரோ எழுதி எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்த, நேரம் தவறாத ஒரு மென்பொருள். மிதிக்குப் பதிலாக மேசையோரம் ஒரு பட்டை; அதை முழங்கையால் அழுத்தினால் ஊசி ஓடும். எடுத்தால் அந்தக் கணமே நிற்க வேண்டும்.

ஆனால் ஒரு தையல் தள்ளித்தான் நின்றது. அக்காவின் விரல் இருப்பதும் அங்கேதான்.

"விட்டுடுடி. கால்தான் போச்சு, விரலாவது மிஞ்சட்டும்."

"இன்னும் கொஞ்சம் பொறுக்கா."

3

எங்கே தாமதம் என்று பார்க்க, நடப்பதையெல்லாம் திரையில் எழுதிக்காட்டச் சொன்னாள் தங்கை. இப்போது இரண்டு தையல் தள்ளி நின்றது. இன்னும் விவரமாக எழுதச் சொன்னாள். இன்னும் மோசம். (இங்கே அவளுக்கு ஒரு காதலனைக் கொண்டுவரலாமா என்று யோசித்தேன். அவளுக்கு நேரமில்லை.) (நான் அடைப்புக்குறி போடும்போதெல்லாம் கதையும் தள்ளித்தான் நிற்கிறது, கவனித்தீர்களா?)

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதல் நாளே ஆசைக்கு ஒரு வரி போட்டிருந்தாள்: திரையில் "ஓடுகிறேன், ஓடுகிறேன்" என்று வந்துகொண்டே இருக்கும். அதை எழுதி முடித்த பிறகுதான் போர்டு முழங்கையைப் பார்க்கிறது!

"அட மக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நிறுத்துவது முதல் வேலை, எழுதுவது கடைசி வேலை என்று வரிசையை மாற்றினாள். அதற்கான வழி அந்த மென்பொருளிலேயே இருந்தது. இப்படி ஒருத்தி வந்து மாட்டிக்கொள்வாள் என்று, முகம் தெரியாத யாரோ முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் அடைப்புக்குறிகளைக் கடைசிக்குத் தள்ளுகிறேன்.

4

அக்கா துணியை வைத்தாள். அழுத்தினாள், எடுத்தாள். ஊசி நின்றது. மறுபடியும் நின்றது. விரலை ஊசியருகே கொண்டுபோனாள். தங்கை கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"கண்ணத் தொறடி. நின்னுடுச்சு."

அக்கா போர்டைத் தொட்டுக் காட்டினாள்.

"இத எழுதினவங்க யாரு?"

"தெரியாதுக்கா. எத்தனையோ பேரு."

"சும்மாவா குடுத்தாங்க? அப்ப ஆளுக்கொரு சட்டை தைக்கிறேன்."

"அளவு தெரியாம எப்படிக்கா?"

"துணிய வெட்டாம வெக்கிறேன். வந்து அளவு சொல்லட்டும்."

5

(பாக்கி வைத்த அடைப்புக்குறி: நான் அந்த மென்பொருளில் ஒரு எழுத்துகூட எழுதாதவன். பக்கத்து வீட்டுக்காரன், வெள்ளோட்டச் சட்டைக்கு உடம்பு கொடுத்தேன், அவ்வளவுதான்.)

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் யாரோ வருகிறார்கள், மற்றதில் வரவில்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன், அது என் கையில் இல்லை. எப்போதோ எதையோ செய்துவைத்து, பெயர் சொல்லாமல் போனவர் நீங்களாக இருக்கலாம். அக்கா துணியை விரித்துவிட்டாள். உங்கள் தோள் அளவைச் சொல்லுங்கள்.