மாட்டுக் கொம்புச் சிவப்பு

ஆதிமூலம் தன் மகனை வீட்டுக்குள் கட்டிப்போட்டது ஒரு பொம்மைக் காரை வைத்துத்தான். இருபத்து மூன்று வயதுப் பிள்ளையை வேறு எதைக் கொண்டு கட்டுவது?

எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறந்த வாரம். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல். மூங்கில்துறைப்பட்டு ரோட்டில் புளிய மரங்கள் குறுக்கே சாய்ந்து கிடந்தன. பஸ் இல்லை, தபால் இல்லை, ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் லாரி இல்லை. வீட்டுக்கு ஒரு ஆள் ரோட்டுக்கு வரவேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருந்தது. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிற மாதிரிதான் இதுவும். வராத வீட்டை ஊர் லேசில் மறக்காது.

ஆதிமூலத்துக்கு முட்டி வீங்கிப் பத்தடி நடந்தால் உயிர் போகும். "நான் வர்றேன்டா" என்று அவர் சொன்னபோது இளவட்டங்கள் சிரித்துவிட்டார்கள். "போலீஸ் தொரத்தனா உன்ன யாரு தூக்கிக்கினு ஓட்றது பெரியப்பா?" என்றார்கள். மிச்சம் இருந்த ஆண் மகன் இளஞ்செழியன் ஒருவன்தான். அவனுக்கு அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. அடுத்த மாதம் சேர வேண்டும். அதற்குள் அவன் பேரில் கேஸ் எதுவும் இல்லை என்று போலீஸ் எழுதித் தர வேண்டும். ஒரு கேஸ் விழுந்தால் வேலை அவ்வளவுதான். கரும்புச் சோகையில் உடம்பைக் கிழித்துக்கொண்டே செத்த பரம்பரையில் முதல் சம்பளக்காரன் அவன். யாருக்கோ வேலை கேட்டு ரோட்டில் உட்கார்ந்து, கைக்கு வந்த வேலையைத் தொலைப்பதா?

"மலைக்காவது அனுப்பிடலாம். சாமை குடுக்க வர்ற சடையன் இருக்காரே, அவுரு வூட்ல நாலு நாளு இருக்கட்டும்" என்றாள் கமலா.

"தப்பு பண்ணவந்தான்டி கல்வராயன் மலையில போயி ஒளிவான். எம் புள்ள இன்னா பண்ணான்? வூட்லயே இருக்கட்டும்" என்றார் ஆதிமூலம். பெண்டாட்டி பேச்சை அன்று ஒரு நாள் கேட்டிருக்கலாம்.

கமலா இரும்புப் பெட்டியின் அடியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து வந்து மகன் முன்னால் வைத்தாள். கப்பலில் வேலை பார்க்கும் அவள் தம்பி கொளஞ்சியப்பன் எப்போதோ கொடுத்தது. அந்தக் காலத்து அமெரிக்கப் பந்தயக் கார், பிளாஸ்டிக் துண்டுகளாக. ஒவ்வொன்றாக வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்து நாமே செய்துகொள்ள வேண்டும். ரோட்டில் கேட்ட கோஷத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு கூண்டுப் புலியாக உலாத்திக்கொண்டிருந்தவன், பெட்டியைத் திறந்ததும் உட்கார்ந்துவிட்டான்.

பிளேடால் துண்டுகளை வெட்டினான். பிசிறை உப்புத்தாளால் தேய்த்தான். எட்டுப் புகைக்குழாய்களையும் இன்ஜினில் ஒட்டி, பசை இறுகும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினான். பெட்டியில் இல்லாத பிளக் ஒயரைக்கூட, அம்மாவின் தையல் நூலைக் கறுப்பாக்கித் தானே இழுத்துவிட்டான். ஆதிமூலம் பக்கத்திலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"இன்னாடா இது, முன்னாடி சைக்கிள் சக்கரம், பின்னாடி டிராக்டர் சக்கரம்?"

"இது டிராக்ஸ்டர்பா. நேராத்தான் ஓடும். கால் மைலுதான் பந்தயம்."

"கால் மைலு ஓடவா இம்மாம்பெரிய இன்ஜினு? நம்ம ஊரு மைனருங்க கணக்கா இருக்குதே!"

இளஞ்செழியன் சிரித்தான். அவன் சிரித்து நாலு நாள் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்புக்காக ஆதிமூலம் அமெரிக்காவையே விலைக்கு வாங்கிக் கொடுத்திருப்பார்.

பெட்டியில் பெயிண்ட் இல்லை. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூசிய சிவப்பும் கொஞ்சம் மஞ்சளும் தொழுவத்துப் பரணில் இருந்தன. ஆதிமூலமே எடுத்து வந்தார். வெறும் சிவப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. நெருப்பு மாதிரி வேண்டுமாம். ஒரு மூடியில் இரண்டையும் துளித்துளியாகக் கலந்து பார்த்தான். தக்காளிப் பழத்துக்கும் தணலுக்கும் நடுவில் ஒரு நிறம் வந்தது. ஆதிமூலத்துக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"டப்பா முழுக்க அப்பிடியே கலந்துடு. வர பொங்கலுக்கும் ஆவும். இந்த நெறத்துல எவன் வூட்டு மாடு நிக்கும்?"

பெயிண்ட் கெட்டியாக இருந்ததால் வீட்டிலிருந்த கடைசி மண்ணெண்ணெயை ஊற்றி இளக்கினான். மெலிதாக ஒரு பூச்சு பூசினான். அது காய்ந்ததும் மேலே இன்னொன்று. விரல்களில் ஒட்டியதைக் கழுவ வீட்டில் சொட்டு மண்ணெண்ணெய் இல்லை. சோப்பு போட்டான், சாம்பல் போட்டான். நகக்கண்ணெல்லாம் நெருப்பு நிறம் அப்படியே இருந்தது.

"லாரி வந்தா போவுது" என்றாள் கமலா.

அன்று சாயங்காலம் நாராயணசாமி வந்தான். பங்காளி வீட்டுப் பிள்ளை, மறியலுக்கு முன்னால் நிற்கிறவன். விறைப்பாக வாசலிலேயே நின்றான்.

"எல்லா வூட்லயும் ஆளு வந்துட்டாங்க பெரியப்பா. உங்க வூடு மட்டுந்தான் பாக்கி. நாளைக்கு ஊர்ல தல நிமிந்து நடக்க வாணாமா?"

உள்ளே இளஞ்செழியன் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. ஆதிமூலம் நாராயணசாமியை உள்ளே காது கேட்காத ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். தொழுவத்துப் பரணில் திரும்ப வைக்கவென்று எடுத்து வந்திருந்த பெயிண்ட் டப்பாதான் கையில் இருந்தது.

"அவன வுட்டுடுப்பா. வேல போயிடும். இத எடுத்துக்கினு போ. ரோட்ல, பஸ்ஸுல எதுனா எழுதறதுக்கு ஆவும். எங்க வூட்டுப் பங்கா வச்சிக்க."

நாராயணசாமி டப்பாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஒரு டப்பா பெயிண்டில் மகனை மீட்டுவிட்டதாக ஆதிமூலம் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார். இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், பாவி மனுஷன்.

மறுநாள் மரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட பஸ்ஸில் 'கேட்டது கிடைக்கும் வரை வண்டி ஓடாது' என்று முழ நீள எழுத்து மின்னியது. மத்தியானம் கல்வீச்சு. ஒரு போலீஸ்காரருக்கு மண்டை உடைந்தது. சாயங்காலம் வெளியூர்ப் போலீஸ் ஊருக்குள் இறங்கியது. இளவட்டங்கள் அத்தனை பேரும் கரும்புக் கொல்லைக்குள் மறைந்துவிட்டார்கள். தப்பே செய்யாதவன் மட்டும் வீட்டில் இருந்தான்.

இன்ஸ்பெக்டர் முதலில் அவன் கையைத்தான் பார்த்தார்.

"விரல்ல இன்னாடா?"

"காருக்குப் பெயிண்ட் அடிச்சேங்க சார்."

"எந்தக் காருக்கு?"

இளஞ்செழியன் ஜன்னல் திட்டைக் காட்டினான். டிராக்ஸ்டர் காய்ந்துகொண்டிருந்தது. பின்சக்கரம் இன்னும் மாட்டவில்லை. இன்ஸ்பெக்டர் எடுத்துப் பார்த்தார். அவர் கட்டைவிரலிலும் அந்த நிறம் ஒட்டிக்கொண்டது.

"பஸ்ஸுல இருக்கறது இதே கலர்தானே?" என்று கேட்டார். கூட வந்தவர் தலையாட்டினார். "கல்யாண வயசுல பொம்மக் காரு செய்றானாம். யாருகிட்ட கத விடற?"

நாராயணசாமிக்கு டப்பா கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆதிமூலம் வாயைத் திறந்தார். தெருவே வாசலில் நின்று அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாராயணசாமியின் தாய் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஊர்ப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிட்டு இந்த ஊரில் எப்படி இருப்பது?

"நாந்தாங்க எழுதினேன்" என்றார்.

இன்ஸ்பெக்டர் சுவரோரம் கிடந்த கரித்துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "பஸ்ஸுல இருக்கறத இந்தச் செவுத்துல எழுது."

ஆதிமூலத்துக்குத் தெரிந்தது கையெழுத்து மட்டுந்தான். ஆ, தி என்று ஆரம்பித்தார். மூன்றாம் எழுத்துக்குள் மகனை வேனில் ஏற்றிவிட்டார்கள்.

மரங்களை அப்புறப்படுத்தினார்கள். மண்ணெண்ணெய் லாரி வந்தது, தபால் வந்தது. அடுத்த மாதமும் பிறந்தது. டிப்போவில் இளஞ்செழியன் இடத்தில் வேறு யாரோ சேர்ந்ததாகச் சங்கராபுரம் போய் வந்தவர்கள் சொன்னார்கள்.

ஜெயிலில் மகனைப் பார்க்கப் போனபோது கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் இளைத்துக் கறுத்திருந்தான். உதட்டோரம் தையல் போட்டிருந்தது. நகக்கண்ணில் சிவப்பு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"தொழுவத்துப் பரண்ல இருந்து டப்பாவ எவந்தாம்பா திருடிக்கினு போனான்? அது ஒண்ணுதான் எனக்குத் தெர்ல."

ஆதிமூலம் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்ல இனி எதுவும் மிச்சமில்லை.

"எவனும் திருடலடா. நாந்தான் குடுத்தேன், நாராயணசாமிகிட்ட. உனுக்குப் பதிலா."

இளஞ்செழியன் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. தைத்த உதடு வலிக்காமல் மெல்லப் பேசினான்.

"சரி வுடுப்பா. வூட்டுக்கு ஒரு ஆளு கணக்கு சரியாப் போச்சி."

நேரம் முடிந்ததென்று காவலர் சொன்னார். ஆதிமூலம் முட்டியைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். பஸ்ஸெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.