என் கடையில் குடியிருந்த நாற்பது பேர்

கம்பெனியிலிருந்து செய்தி வந்தபோது நான் ரொட்டிக்கு மாவு வீசிக்கொண்டிருந்தேன். கை முழுக்க எண்ணெய். போன் ஒரு தடவை துடித்தது, விட்டுவிட்டேன். பிறகு நிறுத்தாமல் துடித்துத் துடித்து, மேசையில் தானாகவே நகர்ந்து கிச்சாப் சாஸ் போத்தலில் போய் முட்டிக்கொண்டது. அடுப்படியிலிருந்து என் மனைவி ரொஹானா எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

"ஒருத்தருக்கு இல்ல. எல்லாருக்கும்."

மேலே தேயிலைத் தோட்டத்தை நடத்துகிற கம்பெனி அனுப்பியது. 'அன்புள்ள வேலப்பன் அவர்களே' என்று ஒன்று. 'அன்புள்ள தங்கம்மா அவர்களே' என்று ஒன்று. இப்படி நாற்பது, எல்லாம் மலாய் மொழியில். சம்பளக் கணக்கு வைத்திருக்கும் கணினிக்குள் யாரோ புகுந்துவிட்டார்களாம். பெயர், அடையாள அட்டையின் ஐசி நம்பர், வயது, முகவரி, போன் நம்பர், பேங்க் கணக்கு எல்லாம் வெளியே போயிருக்கலாமாம். உங்கள் விவரங்களின் பாதுகாப்பை நாங்கள் மிக முக்கியமாகக் கருதுகிறோம் என்று கடைசியில் ஒரு வரி. கதவைத் திறந்து போட்டுத் தூங்கியவன், விடிந்ததும் பூட்டின் பெருமையைப் பேசுவது போல இருந்தது.

நாற்பது பேருக்கு வந்தது ஏன் என் போனில் வந்தது என்றால், அதற்கு நானும் ஒரு காரணம். மூன்று வருடம் முன்பு கம்பெனி சம்பளத்தைப் போன் செயலிக்கு மாற்றியது. ஆளுக்கொரு நம்பர், ஆளுக்கொரு முகவரி கேட்டார்கள். தோட்டத்து லைன் வீடுகளான லயத்தில் பாதிப் பேருக்குப் போன் என்பது பாட்டுக் கேட்க. மீதிப் பேர் மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுகிறவர்கள். தபால்காரர் அந்த மேடு ஏறமாட்டார். கம்போங் ராஜாவில் பாதையோரம் இருக்கிற என் சாப்பாட்டுக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படியும் இறங்கி வருவார்கள். 'பாய் நம்பரப் போடு, பாய் கட அட்ரஸப் போடு' என்று ஒருவர் தொடங்க, மற்றவர்களும் போட்டுவிட்டார்கள். நான் தடுக்கவில்லை. கடிதம் வாங்க வருகிறவன் ஒரு தே தாரிக் டீ குடிக்காமலா போவான் என்பது என் கணக்கு. ஆக, கம்பெனியின் கணக்குப்படி என் கடையில் நாற்பது பேர் குடியிருந்தார்கள். வாடகைதான் வரவில்லை.

செய்திகளைத் தள்ளிக்கொண்டே வந்த விரல் ஓர் இடத்தில் நின்றது. 'அன்புள்ள சீதா அவர்களே.'

சீதா இரண்டு வருடம் முன்பு ஈப்போ பஸ்ஸிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையோடும் வீங்கிய உதட்டோடும் இறங்கியவள். கிள்ளானில் புருஷன். அவனிடமிருந்து மூன்று தடவை ஓடி, மூன்று தடவையும் பிடிபட்டிருக்கிறாள். நாலாவது தடவை மலை ஏறினாள். ரொஹானா தோட்டத்துக் கங்காணியிடம் சொல்லி, தேயிலைத் தொழிற்சாலையில் தூள் பிரிக்கும் வேலையில் சேர்த்துவிட்டாள். இந்த இரண்டு வருடம் அவன் கண்ணில் படவில்லை. இப்போது அவள் பெயரும் ஊரும் யாருடைய கையிலோ.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இறங்கி வந்தபோது ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். நாற்பது தடவை ஒரே கதையைச் சொன்னால் சொல்கிறவனுக்கே சந்தேகம் வந்துவிடும்.

"அண்ணே, உங்க விவரமெல்லாம் திருடு போயிருச்சாம். ஐசி நம்பரும் போயிருச்சாம்," என்றேன் வேலப்பனிடம். தோட்டத்து லோரி ஓட்டுகிறவர்.

அவர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். "ஐசி இங்க இருக்கே பாய்."

"அட்டை இருக்கும். நம்பர்தான் போச்சு."

"அட்டை இங்க இருக்கும்போது நம்பர் எப்படி போகும்? சும்மா இருங்க பாய். ரெண்டு ரொட்டி போடுங்க."

தங்கம்மா வயதில் மூத்தவர், எதையும் விவரமாகக் கேட்பார். "என் வயசும் போயிருச்சா?"

"போயிருச்சுக்கா."

"அத யாரு வாங்குவா? நானே தள்ளி விடணும்னு பாக்கறேன்."

சீதாவை மட்டும் அடுப்படிக்கு அழைத்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"வெளிய போயிருச்சுன்னா, யாருகிட்ட பாய்?"

"வேணுங்கறவன் காசு குடுத்து வாங்கிக்கலாம்."

"அவருக்கு இதெல்லாம் தெரியாது."

"தெரிஞ்ச கூட்டாளி இருப்பான்ல."

போலீஸ் என்று ரொஹானா தொடங்கினாள்.

"ரிப்போர்ட் பைக்குள்ளயே இருக்குக்கா. கிட்ட வரக் கூடாதுன்னு பேப்பரும் இருக்கு. பேப்பரு எந்திரிச்சு வாசல்ல நிக்குமா?" என்னைப் பார்த்தாள். "அப்ப கெளம்பிடட்டுமா பாய்?"

"எங்க?"

"அதான் தெரியல. அலுத்துப் போச்சு. ஒவ்வொரு தடவையும் புது ஊரு. மொத நாளே யாரையாவது புடிச்சு, கக்கூஸ் எந்தப் பக்கம்னு கேக்கணும்."

"போனது என் கட அட்ரஸ்தான்மா. உன் லைன் வீடு எதுன்னு கம்பெனிக்கே தெரியாது. வந்தா இங்கதான் வருவான். நான் பாத்துக்கறேன்."

கடையில் இல்லாத சரக்கை இருக்கிறது என்று சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு. அப்படித்தான் இதையும் சொன்னேன்.

அந்த வாரத்திலேயே போன்கள் வரத் தொடங்கின. திருடியவன் மொத்த வியாபாரி போலிருக்கிறது. அவனிடம் வாங்கிய சில்லறைக்காரன் என்னிடம் தள்ளப் பார்த்தான். கோர்ட்டிலிருந்து பேசுவதாக மலாயில் மிரட்டினான்.

"என்சிக் வேலப்பனா?" மிரட்டலிலும் ஐயா போட்டுத்தான் கேட்டான்.

ஆமாம் என்றேன். என் பெயரில் கடத்தல் வழக்காம், மூவாயிரம் வெள்ளி பணம் கட்டினால் விட்டுவிடுவார்களாம். முன்னூறுக்கு முடியுமா என்று கேட்டேன். யோசித்து, ஆயிரத்து ஐந்நூறுக்கு வந்தான். முதல் பேச்சிலேயே பாதியாக இறங்குகிறவன் தொழிலுக்குப் புதியவன். பரிதாபப்பட்டு வைத்துவிட்டேன். சற்று நேரத்தில் மறுபடி அதே குரல்.

"புவான் தங்கம்மா?" இந்தத் தடவை அம்மா போட்டான்.

ஆமாம் என்றேன், நானும் அதே குரலில். நீங்கள் வேலப்பன் இல்லையா என்று கேட்டான். இங்கே இடம் குறைவு, எல்லாரும் சேர்ந்துதான் இருக்கிறோம் என்றேன். வாரக் கடைசியில் என் குரலைக் கேட்டதுமே அவனாக வைத்துவிட ஆரம்பித்தான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தபோது வந்த போன் தமிழில் இருந்தது.

"சீதா இருக்கா?"

"எந்த சீதா?"

"அங்கதான் இருக்கான்னு போட்டிருக்கு. போனக் குடுங்க."

வழக்கு என்று சொல்லவில்லை, பரிசு விழுந்தது என்றும் சொல்லவில்லை. ஏமாற்றுக்காரர்களிடம் எனக்குப் பயம் வந்ததில்லை. அவர்களுக்கு வேண்டியது பணம், பணத்தில் ஏற்ற இறக்கம் பேசலாம். இவனிடம் பேச ஒரு விலையும் இல்லை.

"இது சாப்பாட்டுக் கட. ஆர்டரா?" என்றேன். வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியே கோலாலம்பூரிலிருந்து ஆள் அனுப்பியது. யோகேந்திரன் என்று ஒரு பையன். இந்தப் பனியிலும் டை கட்டியிருந்தான். தோட்டத்து ஆபிசில் இன்டர்நெட் வரவில்லை என்று என் கடை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தான்.

"அங்கிள், உங்களாலதான் எங்களுக்கு சுசா, பெரிய தொல்ல. நாப்பது பேரு, ஒரே நம்பர். புதுச் சட்டப்படி ஒவ்வொருத்தருக்கும் நேரடியா தெரிவிச்சாகணும்."

"தெரிவிச்சாச்சே தம்பி. தொண்ட கட்டிப் போச்சு."

"அது கணக்குல வராது. இப்ப எல்லாருடைய சொந்த நம்பர், உண்மையான லைன் வீட்டு நம்பர், எல்லாம் எடுக்கப் போறேன்."

"போனது பொய்யான அட்ரஸ். திருடனுக்குத்தான் நஷ்டம். இப்ப உண்மையானத வாங்கிட்டுப் போயி என்ன செய்வீங்க?"

"பத்திரமா வெச்சிருப்போம்."

"போன தடவ எப்படி வெச்சிருந்தீங்க?"

சிரித்துவிட்டான். சிரிக்கத் தெரிந்தவனிடம் பேரம் பேசலாம் என்று மேசைக்குக் குனிந்தேன்.

"எல்லாரையும் நான் வரிசையில நிக்க வெக்கறேன். கூச்சல் இல்லாம முடிச்சுக் குடுக்கறேன். ஒரே ஒரு ஆள மட்டும் பழையபடி விட்டுடுங்க. யாருன்னு கேக்காதீங்க."

"முடியாது அங்கிள். ஒரு ஆள் பாக்கின்னாலும் சிஸ்டம் செவப்பாக் காட்டும். மேல உள்ளவங்க கேப்பாங்க."

பேரம் படியவில்லை. அடுப்படியில் சீதா ரொஹானாவோடு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வரிசையைச் சேர்த்தேன். தங்கம்மா, வேலப்பன், மலர் என்று ஆளாளுக்கு ஐசியைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நின்றார்கள்.

மழை விட்ட நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வந்தவன் இடுப்புவரை நனைந்திருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றியதும் தலையை வாரிக்கொண்டான்.

"அண்ணே, ஒரு டீ."

வெள்ளிக்கிழமைக் குரல். சீதா சொல்லியிருந்த புருஷன் விமலன் இவன்தான். கப்பை வாங்கும்போது நன்றி சொன்னான். அடிக்கிறவன் என்று முகத்தில் எழுதியிருந்தால் எவ்வளவு பேருக்கு வேலை மிச்சம்.

"சீதான்னு ஒரு பொண்ணு, இந்த அட்ரஸ்தான்ணே. பத்து வெள்ளி குடுத்தேன், கூட்டாளி எடுத்துக் குடுத்தான்." போனைக் காட்டினான். அவள் பெயர், ஐசி நம்பர், என் கடை. பத்து வெள்ளிக்கு என் கடையில் மீன் தலைக்கறிகூட வராது.

"இது கட தம்பி. இங்க யாரும் தங்கறதில்ல."

அவன் வரிசையைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான். நேராக யோகேந்திரனிடம் போனான்.

"கம்பெனி சாரா? என் சம்சாரம் இங்கதான் வேல செய்யுது. அவ அம்மாவுக்கு முடியல. வீட்டு நம்பர் மட்டும் பாத்துச் சொல்லுங்க சார்."

யோகேந்திரனின் விரல்கள் தட்ட ஆரம்பித்துவிட்டன. உதவி செய்தே பழகிய விரல்கள். "பேரு சொல்லுங்க?"

"சீதா." ஐசி நம்பரை மனப்பாடமாகச் சொன்னான்.

அடுப்படியில் கத்தியின் சத்தம் நின்றது. வரிசையில் பேச்சும் நின்றது. அத்தனை பேர் ஒன்றாக வாய் மூடி என் கடை பார்த்ததில்லை. யோகேந்திரன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் பெயர் சொல்லாமல் கேட்ட அந்த ஓர் ஆள் யார் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. கணினியைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டான்.

"சாரி. ஒருத்தர் விவரத்த இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாது. சட்டம்."

"நான் புருஷன்."

"புருஷனா இருந்தாலும்."

விமலன் கப்பை மேசையில் வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான், ஆனால் டீ சிந்தியது.

"அப்ப இங்கதான் இருக்கா."

பையன் சட்டத்தைச் சரியாகத்தான் சொன்னான். ஆனால் சொல்ல முடியாது என்றால் சரக்கு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். கடை வைத்திருக்கிற யாருக்கும் அது தெரியும், விமலனுக்கும் தெரிந்திருந்தது. அவன் கண் அடுப்படித் திரையின் பக்கம் போனது. நான் நகர்ந்து வழியில் நின்றேன். எனக்கு அறுபத்தொரு வயது, முட்டி வலி வேறு.

"எந்த சீதாவக் கேக்கற தம்பி?" என்றார் தங்கம்மா. "கிள்ளான்லேர்ந்து வந்துச்சே, அதா? அது போயி ஆறு மாசமாச்சே. கோலா தெர்லாவுல தக்காளித் தோட்டம்."

"தக்காளி இல்லக்கா," என்றார் வேலப்பன். "கியா பார்ம்ல ஸ்ட்ராபெரி கட. நான்தானே லோரில எறக்கி விட்டேன்."

"அங்க நிக்கல லா. பிரிஞ்சாங்ல ஹோட்டல் வேலன்னு எனக்கு மெசேஜ் பண்ணுச்சு," என்றாள் மலர்.

"குவா மூசாங்னு சொன்னாங்களே."

"அது வேற சீதா."

"ஒரு சீதாதான்யா இருந்துச்சு."

பின்னாலிருந்து யாரோ கல்யாணம் கட்டிக்கொண்டதாகத் தொடங்க, தங்கம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பேச்சு அங்கேயே செத்தது.

யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. சீதாவின் கதை எனக்கும் ரொஹானாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். லயம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. ஒருவர்கூட மூச்சு விட்டதில்லை.

விமலன் ஊர்ப்பெயர்களைப் போனில் தட்டிக்கொண்டான். பாதி நம்பினான், பாதி நம்பவில்லை. ஆனால் இத்தனை பேர் முன்னால் அடுப்படிக்குள் நுழைய அவனுக்கு மனம் வரவில்லை. அவன் யாரும் இல்லாத இடத்தில் கை ஓங்குகிறவன். டீக்குக் காசு வைத்துவிட்டுப் போனான். மோட்டார் கோலா தெர்லா பக்கம் திரும்பிய சத்தம் கேட்டது.

யோகேந்திரன் கணினியை முன்னால் இழுத்துக்கொண்டான். பிறகு ஏதோ தட்டினான்.

"அவங்களுக்குப் பழைய அட்ரஸே சரின்னு போட்டுட்டேன் அங்கிள். நேர்ல சரிபாத்தேன்னு ஒரு கட்டம் இருக்கு. டிக் பண்ணிட்டேன்."

"சிஸ்டம் விட்டுச்சா?"

"விட்டுச்சு. பாலில்லாம ஒரு கோப்பி ஓ குடுங்க."

வரிசை கலைந்து, எல்லாரும் சாமான் வாங்கப் போன பிறகு சீதா வெளியே வந்தாள். விமலன் சிந்திய டீயைத் துடைத்தாள். துணியை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அவங்க சொன்ன ஊரெல்லாம் தேடி முடிக்க எத்தன நாளாகும் பாய்?"

வேலைக்குப் போகிறவன். வாரம் ஒரு நாள்தான் மலை ஏற முடியும். மழை வேறு. என் கணக்கில் வந்ததோடு, விலை சொல்கிற பழக்கத்தில் கொஞ்சம் கூட்டினேன்.

"தீபாவளி வரைக்கும் ஆகும்மா. மூணு மாசம்."

"கொறச்சு, உண்மையச் சொல்லுங்க."

"ஒரு மாசம்."

அவள் தலையாட்டினாள். வேண்டிய விலைக்கே கிடைத்ததைப் போல.

"ஒரு மாசம் போதும் பாய். கொஞ்ச நாள் தூங்கிக்கறேன்."

ரொஹானா கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள். பாதை வழியாகப் போகாமல், பின்பக்கமாக இறங்கி, காய்கறிக் கொட்டகைகளுக்கு நடுவே லயத்து மேட்டில் ஏறினாள்.