சீட்டு எழுதும் ஜன்னல்

தேவகி மூன்றாவது குடத்தைத் தூக்கி ஊற்றும்போது, மறைப்புக்குக் கட்டியிருந்த புடவை ஒரு பக்கம் விலகியது. செல்லாயி தலையை உள்ளே நீட்டினாள். அவள் பார்வை செத்தவளின் முகத்துக்குப் போகவில்லை. நேராக இடுப்புக்குக் கீழே போய் நின்றது.

“ஒத்தாசைக்கு வரட்டா பொண்ணே?”

“வாணாம்.”

தலை வெளியே போனது. அங்கே நின்ற பெண்களுக்குள் ஒரு கிசுகிசுப்பு. ஒருத்தி “ஐயோ பாவம்” என்றாள். அதே மூச்சில், “இன்னும் தீட்டு கீதா?” என்று கேட்டாள். தேவகி விலகிய புடவையை இழுத்துக் கட்டினாள். பத்து நாளாக அம்மாவின் படுக்கையை அள்ளிப்போட்ட கைக்கு எந்த வாடையும் புதிதில்லை. அந்தக் கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை.

அம்மாவின் பெயர் அம்முலு. நாற்பது வயது முடியவில்லை. சாலவாக்கத்தில் நடவுக்கு அவளைப்போல் விரல் ஓடுகிறவள் கிடையாது. ஆடி கழிந்த ஒரு செவ்வாய்க்கிழமை தேவகிதான் அவளைப் பஸ் ஏற்றி உத்திரமேரூருக்குக் கூட்டிப்போனாள். கடைத்தெருவில் ஒரு டாக்டர் இருந்தார். நல்ல டாக்டர் என்றுதான் பேர். ஆனால் அவரைப் பார்ப்பதற்கு முன்னால் ஜன்னலில் சீட்டு வாங்க வேண்டும். ஜன்னலுக்குப் பின்னால் கம்பவுண்டர் வேதகிரி நோட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பேர், ஊர், நோவு மூன்றையும் சொன்னால்தான் சீட்டு.

அம்முலு பேரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள். மூன்றாவதுக்கு வாய் வரவில்லை.

“டாக்டராண்ட சொல்லிக்கிறேன் சாமி.”

“எங்கிட்ட சொல்லாம சீட்டு கெடையாது. பின்னால எத்தினி பேரு நிக்கறாங்க பாரு.”

அவள் கம்பியில் முகத்தை ஒட்டிவைத்து மெல்லச் சொன்னாள். வேதகிரிக்கு எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிற பழக்கம்.

“அம்முலு. சாலவாக்கம். தீட்டு நிக்கல. எத்தினி மாசமா? சத்தமா சொல்லு.”

தாழ்வாரம் முழுக்கப் பேச்சு அடங்கியது. பீடி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பல்வலிக்கு வந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த செல்லாயி, சாலவாக்கத்து நடவாட்களுக்குத் தலைவி, கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அம்மாவின் தோளை ஒட்டி நின்ற தேவகி அப்போது ஓரடி நகர்ந்தாள். யாரோ வேறு ஆளோடு வந்தவள்போல, சுவரில் ஒட்டியிருந்த அம்மை ஊசி நோட்டீசைப் படித்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

அம்முலு “மூணு” என்று சொல்லிச் சீட்டை வாங்கினாள். பதினாலாம் நம்பர். மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு படியிறங்கி பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்துவிட்டாள். டாக்டர் அவளைப் பார்க்கவே இல்லை.

செல்லாயி அடுத்த பஸ்ஸில் வந்தாள். பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துபோயிற்று. சம்பா நடவுக்குப் போன அன்று, “நாத்தங்கால்ல கால வெக்காத அம்முலு, பயிரு கருகிப்பூடும்” என்று வரப்பிலேயே நிறுத்தினார்கள். களத்து மேட்டுக்கும் வர வேண்டாம் என்று பண்ணை வீட்டிலிருந்து ஆள் வந்து சொல்லிப்போனான். கிணற்றில் அவள் குடம் தனியாக நின்றது. அப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் படுக்கப் போனார். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டிருந்த தேவகி தாய்வீட்டுக்குப் போய்வந்தால், குளித்துவிட்டு உள்ளே வா என்றாள் மாமியார் சிட்டம்மாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தேவகி எத்தனையோ தரம் கெஞ்சினாள். ஒரே ஒரு தடவைதான் அம்முலு பதில் சொன்னாள்.

“அங்கயும் வாசல்ல ஒருத்தன் நோட்டு வெச்சிக்கினு குந்தியிருப்பான்.”

அதற்கப்புறம் எட்டு மாதம் விடிவதற்கு முன்னால் எழுந்து தன் துணியைத் தானே அலசிக்கொண்டாள். கடைசிப் பத்து நாள் எழுந்திருக்க முடியவில்லை.

மறைப்புக்கு வெளியே சைக்கிள் நிறுத்தும் சத்தம் கேட்டது. யாரோ பெஞ்சியைத் தட்டிப் போட்டார்கள். வேதகிரியின் குரலை எங்கே கேட்டாலும் தேவகிக்குத் தெரியும். மாலை வாங்கிக்கொண்டு வந்திருந்தான். சேதி கேட்டதும் மனசு கேட்கவில்லை என்றான். பிறகு அவனைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்ததும் குரல் எழும்பியது. அன்றைக்கே டாக்டரைப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாள், நம்பர் வாங்கிக்கொண்டு பார்க்காமல் போனால் யார் என்ன செய்வது என்றான். எத்தனை மாதம், எப்படி, எந்த நிறம் என்று அவன் அவிழ்த்துக்கொண்டே போனான். அப்பா அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்.

அதுவரை தேவகி தண்ணீரைப் பின்பக்கச் சரிவு பார்த்துத்தான் ஊற்றிக்கொண்டிருந்தாள். இப்போது எழுந்து பெஞ்சி இருந்த பக்கமாக வந்து நின்றாள். ஒரு குடம் முழுவதையும் ஊற்றினாள். அம்மாவின் உடம்பைத் தொட்ட தண்ணீர், மஞ்சளும் செம்மையுமாக, புடவைக்கு அடியில் புகுந்து பெஞ்சியை நோக்கி ஓடியது. பேச்சு பாதியில் நின்றது. செருப்புகள் பதறித் தேய்ந்தன.

“தே, இன்னா இது, தண்ணி இங்க வருது பாரு” என்றான் வேதகிரி.

தேவகி அடுத்த குடத்தையும் அதே பக்கம் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் சைக்கிள் கிளம்பிப் போயிற்று.

பாடை புறப்பட்ட பிறகு பெண்கள் எல்லோரும் தலைமுழுக ஏரி மதகுக் கால்வாய்க்குப் போனார்கள். செத்தவளின் பாயையும் துணியையும் கரையில் எறிந்துவிடுவதுதான் வழக்கம். எறிந்தால் நாய் இழுத்துக்கொண்டு வரும். ஊரே நின்று பார்க்கும். தேவகி அத்தனை துணியையும் அலுமினியக் குண்டானில் சுமந்துபோய்க் கல்லில் போட்டு அடிக்க ஆரம்பித்தாள். கால்வாய்த் தண்ணீர் கலங்கிச் சிவந்து ஓடியது.

எதிர்க் கரையில் எருமையைக் கழுவிக்கொண்டிருந்த வெளியூர்க்காரி ஒருத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள்.

“இந்தா பொண்ணே, யாருது அது?”

செல்லாயி அங்கேதான் நின்றாள். மாமியார் சிட்டம்மாளும் இடுப்பளவு தண்ணீரில் நின்று கூந்தலைப் பிழிந்துகொண்டிருந்தாள். தேவகி கையை நிறுத்தினாள்.

“என்னுதுதான்” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

பெண்கள் ஒவ்வொருவராக மேல்தண்ணீருக்கு நகர்ந்தார்கள். தேவகி துணியைப் புரட்டிப் போட்டு மறுபக்கத்தை அடித்தாள்.