திங்கட்கிழமை குணமானவள்

லவோன் ப்ரூவெட்டுக்குத் திங்கட்கிழமை தொழுநோய் குணமானது. வியாழக்கிழமை தொழுநோய் வந்தது. இதைக் கேட்டு கல்வர் சிட்டியில் யாரும் மூக்கின்மேல் விரல் வைக்கவில்லை. படம் எடுக்கிற ஊரில் செவ்வாயன்று செத்தவன் வெள்ளியன்று கல்யாணம் பண்ணிக்கொள்வான். எந்த இடம் என்றைக்குக் காலியோ அன்றைக்கு அந்தக் காட்சியை எடுத்துவிட்டு, பிற்பாடு வெட்டி ஒட்டி வரிசைப்படுத்துவார்கள். 1954 மே மாதம் ஆற்றங்கரை திங்களன்று கிடைத்தது; தாடி வைத்த தீர்க்கதரிசி அவள் கையைத் தொட்டுக் குணமாக்கினார். குகை வியாழனன்றுதான் கிடைத்தது. அவளுக்கு நோய் கண்டது. அன்று சாயங்காலம் ஒப்பனையைக் கழுவப் போனால் அது உரிந்து வரவில்லை. ஒப்பனைக்காரன் டெல்பர்ட் ஊல்சி எண்ணெய் போட்டான், சாராயம் போட்டான், கடைசியில் வண்ணம் கழுவும் திரவத்தையும் போட்டுப் பார்த்தான். மருத்துவர் ஒரு துணுக்கைச் சுரண்டிச் சோதித்து, ஓட்ஸ் கஞ்சியும் பசையும், உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

அவள் கணவன் ஓர்வில் விமானத் தொழிற்சாலையில் இறக்கைகளுக்குத் தறையாணி அடிக்கிறவன். பெண்டாட்டி முகம் எப்படி இருந்தால் என்ன என்று இருந்துவிடக்கூடிய மனுஷன்தான். தொந்தரவு முகத்தால் வரவில்லை, வாயால் வந்தது. கூட்டத்தில் நிற்கிற நானூறு பேரில் ஒருத்தியாக இருந்த லவோன், ஒரே ஒரு வசனமாவது கொடுங்கள் என்று உதவி இயக்குநரின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து வாங்கிய வசனம் அது. பழைய ஏற்பாட்டுக் காலத்துத் தொழுநோயாளிகள் யாரைக் கண்டாலும் கூவ வேண்டிய வார்த்தை: தீட்டு, தீட்டு! அவள் கூவியதும் கூட்டம் நாலடி பின்வாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. மூன்று வாரம் சமையலறையில் ஒத்திகை பார்த்தாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு யார் அருகில் வந்தாலும் அவள் உதடு தானாகத் திறந்து அதைச் சொன்னது. கேட்டவர்களின் கால்கள் தாமாக நாலடி பின்னால் போயின. தபால்காரர் போனார். பக்கத்து வீட்டு நாய் போனது. ஓர்வில் படுக்கையிலிருந்து எழுந்து போய்ச் சுவரோரம் நின்றான்.

"நான் போகலடி, காலு போவுது" என்றான்.

"தெரியுது. நான் மட்டும் வேணும்னா கத்துறேன்?" என்று அழுதாள் லவோன். அன்றிலிருந்து அவன் சோபாவில் படுத்தான்.

தீர்க்கதரிசியையே பிடித்தால் என்ன என்று ஓர்விலுக்குத் தோன்றியது. அந்த நடிகர் தாடியை எடுத்துவிட்டு நீச்சல்குளத்தருகே சாய்ந்திருந்தார். நல்ல மனுஷர். நாலடிக்கு அப்பாலிருந்தே கையை நீட்டி, குணமாக்கும் வசனத்தை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. "எழுதுனவன் ஒருத்தன், பேசுனவன் நான். என் கையில என்ன தம்பி இருக்கு?" என்று உள்ளபடியே வருத்தப்பட்டார்.

வழி சொன்னவள் ஐரீன். படத்தை வெட்டி ஒட்டுகிறவள், முப்பது வருஷமாய் இருட்டறையில் இருந்து கண் சிவந்தவள். "வரிசை மாறிப் போச்சு, அவ்வளவுதான். நான் வியாழக்கிழமைய முன்னால ஒட்டி, திங்கக்கிழமைய பின்னால ஒட்டறேன். சனங்க அப்பிடிப் பாத்துட்டா சரியாயிடும்" என்றாள். சின்ன இயந்திரத்தில் ஓட்டியும் காட்டினாள். ஆற்றங்கரை ஓடிய ஒரு நிமிடம் நாற்பது விநாடியும், அறை மூலையில் நின்ற லவோனின் தோல் குழந்தைத் தோலாக இருந்தது. துண்டு தீர்ந்ததும் பழையபடி ஆயிற்று. ஐந்து மாதம் ஓர்வில் நாள்காட்டியைக் கிழித்தான். பேசவே பேசாதவன், தொழிற்சாலையில் பாட்டு முணுமுணுத்தான் என்று சொல்கிறார்கள்.

அக்டோபரில் பொமோனா ஊர்த் திரையரங்கில், படம் வெளியாகுமுன் சனங்களுக்குப் போட்டுப் பார்க்கும் முன்காட்சி. படம் மூன்றே முக்கால் மணி நேரம். முதல் ஒரு மணி நேரத்தில் யாரும் எதுவும் செய்யவில்லை, ஒட்டகங்கள் நடந்தன. ஓர்விலும் லவோனும் நடுவே இரண்டு இருக்கை விட்டு உட்கார்ந்திருந்தார்கள். குகை வந்தது. பிறகு ஆறு வந்தது, தீர்க்கதரிசி கையை நீட்டினார், இருட்டில் லவோனின் முகம் தெளிந்தது. ஓர்வில் இரண்டு இருக்கையையும் தாண்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பாத்திரம் கழுவும் சோப்பு வாசனை அடித்தது; அந்த வாசனை அவனுக்கு அவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை அவனுக்கே தெரியாது. அப்போது மாடியிலிருந்து ஒருவன் கத்தினான்: "டேய், தீர்க்கதரிசி அம்மை ஊசி போட்டுட்டாருடா!"

திரையில் லவோனின் கை பளிங்காய்க் கிடந்தது. அதில், தோளுக்குக் கீழே, வட்டமாக, பள்ளிக்கூடத்தில் குத்திய அம்மைத் தழும்பு. தீர்க்கதரிசி காலத்துக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் கழித்து வந்த தழும்பு. புண் ஒட்டிய வியாழனன்று அது மறைந்துவிட்டது. சுத்தமான கையோடு அவள் நின்ற திங்களன்று அதை மெழுகால் மூட டெல்பர்ட் மறந்துவிட்டான். அந்தக் காலத்தில் எல்லார் கையிலும் அந்தத் தழும்பு இருந்தது. அதனால்தானோ என்னவோ அவன் கண்ணில் படவில்லை. திரையரங்கம் முழுக்கச் சிரித்தது. சிரிக்கச் சிரிக்க, ஓர்வில் பிடித்திருந்த விரல் நுனியிலிருந்து புண் திரும்பி ஏறியது. லவோன் கூவினாள். தரையோடு திருகி இறுக்கிய நாற்காலிகளோடு மூன்று வரிசை நாலடி நகர்ந்தது. இன்றைக்கும் அங்கே தரையில் அந்தக் கீறல் இருக்கிறது.

"அழ வேண்டிய எடத்துல சிரிக்கிறான். வெட்டிப்போடு" என்றார் தயாரிப்பாளர். ஐரீன் கெஞ்சினாள், கையை மட்டும் தனியே வெட்ட முடியாது, ஒவ்வொரு படச்சட்டத்திலும் கை இருந்தது. மொத்தம் நாற்பது நிமிடம் போயிற்று, ஆறும் அதோடு போயிற்று. குகை மட்டும் நின்றது. நம்பும்படி நடித்தவை ஒட்டகங்கள்தாம் என்று பத்திரிகைகள் எழுதின. படம் இரண்டு வாரம் ஓடியது. வெட்டிய துண்டைத் தேடி ஐரீன் கிடங்குக்குப் போனபோது, படச்சுருளில் இருக்கும் வெள்ளிக்காக அதைக் காய்ச்சிவிட்டதாகச் சொன்னார்கள். வெள்ளி கரண்டிக் கம்பெனிக்குப் போயிருந்தது. ஓர்வில் அந்தக் கம்பெனியின் கரண்டி ஆறு வாங்கி வந்தான். லவோன் ஆறிலும் சூப் குடித்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கரண்டிகள் நல்ல கரண்டிகள்.

பிறகு வருஷங்கள் போயின. 1961 முதல் ஒவ்வொரு ஈஸ்டர் வாரமும் தொலைக்காட்சியில் அந்தப் படத்தைப் போட்டார்கள், வேறு மலிவாய் எதுவும் கிடைக்காததால். சோப்பு விளம்பரத்துக்கும் மாவு விளம்பரத்துக்கும் நடுவே குகை வரும். எங்காவது யாராவது ஆற்றைத் திரும்ப ஒட்டியிருப்பார்களோ என்று லவோன் ஒவ்வொரு வருஷமும் முன்னால் குனிந்து உட்கார்ந்து பார்ப்பாள். ஓர்வில் நாலடி தள்ளி நாற்காலி போட்டிருப்பான்.

"இந்தத் தடவையும் இல்ல" என்பாள்.

"அடுத்த வருஷம் பாப்போம்டி" என்பான். இருபத்துநாலு ஈஸ்டர் இதையே சொன்னான். அவன் நம்பிக்கை எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியாது. சொல்வதை மட்டும் விடவில்லை.

லவோன் 1985 பிப்ரவரியில் நுரையீரல் சளியால் இறந்தாள். உடலைக் கழுவி ஒப்பனை செய்தவன் டெல்பர்ட். அந்தத் தழும்பை மறந்ததற்காகப் படத்தொழிலிலிருந்து விரட்டப்பட்டவன், சவ அடக்க நிலையத்தில்தான் இத்தனை வருஷமும் பிழைத்தான். அந்தத் தோலின் மேலேயே மெழுகும் வண்ணமும் வைத்து, திங்கட்கிழமை லவோனை அப்படியே கொண்டுவந்தான். தழும்பு இருந்த இடத்தை மறக்காமல் மூடினான். பெட்டியில் வைக்கும்போது அவளுக்கு எப்படியும் நீளக்கைச் சட்டைதான் போட்டார்கள்.

"போங்க, கிட்டப் போங்க. இப்பக் கத்தமாட்டாங்க" என்று ஓர்விலிடம் மெதுவாகச் சொன்னான்.

ஓர்வில் நடந்தான். லவோனின் வாய் திறக்கவில்லை. அவன் நாலடி தூரத்தில் நின்றான். போக வேண்டும் என்று காலை ஏவினான், கால் போகவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் அதற்கு வேறு எந்த இடமும் தெரியாமல் போயிருந்தது. இரண்டு மணிக்குச் சவ வண்டி வரும்வரை அங்கேயே தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்த ஏப்ரலில் படத்தை வழக்கம்போலப் போட்டார்கள். ஓர்வில் அவள் இடத்துக்குப் பக்கத்தில், திரைக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தான். குகை வந்தது, இருபத்தாறு வயது லவோன் அவனைப் பார்த்துத் தீட்டு, தீட்டு என்று கூவினாள். "கேட்டுச்சுடி" என்று சொல்லிவிட்டு, அவன் நாற்காலியை நாலடி பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.